யாரையாவது தெரியுமா, மேடம்?

2016, மே மாதம். விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தேன். மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமல் இருக்க டிபன் பாக்ஸை மேலே வைத்துக்கொண்டு திருத்திக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. தெரியாத எண். பெங்களூரிலிருந்து பேசுவதாகச் சொன்ன இளைஞர் நல்ல மதுரைத் தமிழில் பேசினார்.

“மேடம், ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு மொழிப்புலத் தலைவர் தேடிட்டு இருக்கோம். தமிழ்ல பிஎச்.டி. இருக்கணும். பத்து வருஷமாவது பாடம் நடத்தியிருக்கணும். புத்தகம் போட்டிருந்தா ரொம்ப நல்லது. உங்களுக்கு யாரையாவது தெரியுமா மேடம்?”

நான் முனைவர் பட்டம் வாங்கி அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. வகுப்பெடுக்கத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள். இரண்டு கவிதைத் தொகுப்புகள், ஓர் ஆய்வு நூல்.

“தெரியுமே சார். எழுதிக்கிறீங்களா?” என்றேன்.

மூன்று பெயர்கள் சொன்னேன். அவற்றில் ஒருவர் என் துறையிலேயே எனக்கு நான்கு ஆண்டு இளையவர். மூன்று பேருக்கும் தொலைபேசி எண்ணும் தந்தேன். அந்த இளைஞர் கொஞ்சம் தயங்கிவிட்டு, “வேற யாராவது தோணுதா மேடம்?” என்று மறுபடி கேட்டார். “யோசிச்சுச் சொல்றேன் சார்” என்று வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து திருத்த ஆரம்பித்தேன். நல்ல காரியம் ஒன்று செய்த திருப்தி மாலைவரை இருந்தது.

ஆகஸ்டில் என் துறை இளையவர் அல்வாப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். “நீங்க பேர் சொல்லலேன்னா இது கிடைச்சிருக்காதுக்கா” என்றார். அவருக்குத் தரப்போகும் சம்பளம், சுயநிதிப் பிரிவில் நான் வாங்கிக்கொண்டிருந்த தொகுப்பூதியத்தைப் போல நாலு மடங்கு. அவர் போன பிறகு அம்மா கேட்டாள்: “ஏம்மா, உனக்கு அந்த வேலை கிடைக்காதா?” “அவங்க என்னைக் கேக்கலையேம்மா” என்றேன். அப்போது அதை உண்மையென்றே நம்பினேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு வாய்மொழித் தேர்வுக்காகச் சென்னை போனபோது, எம்.ஏ. படிக்கையில் விடுதியில் அடுத்த அறையில் இருந்த தோழி வீட்டில் தங்கினேன். அவள் சமூகப்பணி படித்துவிட்டுப் பெரிய பதவிகளுக்கு ஆள் தேடித்தரும் கன்சல்டன்சியில் பதினைந்து ஆண்டுகளாக வேலை பார்ப்பவள். சாப்பிட்டுக்கொண்டே இந்தக் கதையைச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“அடிப் பாவி. அவன் உன்னையத்தாண்டி கேட்டான்.”

எனக்குப் புரியவில்லை. அவள் தன் தொழிலைச் சொன்னாள். ஏற்கெனவே ஒரு வேலையில் இருப்பவரிடம் போய், நீங்கள் வருகிறீர்களா என்று எடுத்த எடுப்பில் கேட்க மாட்டார்கள். அவர் எரிச்சல்படலாம். இருக்கிற இடத்தில் செய்தி கசிந்துவிடலாம். தேடச் சொன்ன நிறுவனத்தின் பெயரையும் உடனே வெளியே விட முடியாது. அதனால் சுற்றி வளைத்து, இப்படி ஓர் இடம் இருக்கிறது, உங்களுக்கு யாரையாவது தெரியுமா என்று கேட்பார்கள். விருப்பமிருந்தால் எதிரில் இருப்பவர் கையைத் தூக்குவார். இல்லையென்றால் நல்ல பெயர்கள் சிலவாவது கிடைக்கும். இரண்டுமே அவர்களுக்கு லாபம்.

“ஆம்பளைங்க நிறையப் பேர் சிரிச்சுக்கிட்டே, ‘ஏன், நான் ஆகாதா?’ம்பாங்க. பொம்பளைங்க உன்னை மாதிரி பேர் சொல்லிட்டு, நம்பரும் குடுத்துட்டு, அவர் ரொம்ப நல்லவர்னு சிபாரிசும் பண்ணுவீங்க. அதுக்கு எங்க ஆபீஸ்ல காசா குடுக்குறோம்?”

அன்றிரவு தூக்கம் வரவில்லை. கோபம் அந்த இளைஞர்மேல் இல்லை. இரண்டாவது முறையும் கேட்டாரே, பாவம்.

என்னை உறுத்தியது வேறொன்று. ஆண்டுதோறும் நான் நடத்தும் பாடம் ஆற்றுப்படை. பரிசில் பெற்றுவரும் கலைஞன், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞனிடம், இன்னாரிடம் போ, இந்த வழியாகப் போ, அவன் இப்படிக் கொடுப்பான் என்று சொல்வது. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான். வேலைக்கு வழிகாட்டுவதை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்துவைத்த மொழி இது. புறநானூற்றில் விறலியாற்றுப்படைகளும் உண்டு. அவற்றில் 103ஆம் பாட்டு ஔவையார் பாடியது. கவிழ்ந்த கலத்தை நிமிர்த்தி நிரப்புவார் யார் என்று வழியில் உட்கார்ந்திருக்கும் விறலியிடம், அதியமான் தொலைவில் இல்லை, போ என்கிறார். ஒரு பெண், இன்னொரு பெண்ணுக்குச் சொல்லும் வழி. வகுப்பில் இந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் உயரும். ஆனால் எனக்கென்று ஒரு தொலைபேசி வந்தபோது நான் ஆற்றுப்படுத்தியது மூன்று ஆண்களை. ஒரு பெண்ணின் பெயர்கூட என் வாயில் வரவில்லை. என் பெயரும் வரவில்லை.

மறுநாள் காலை காப்பியோடு உட்கார்ந்து தோழியிடம் முறையாகப் பாடம் கேட்டேன். கல்லூரிப் படிப்பில் எங்கும் சொல்லித்தராத பாடம் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில், இவர்கள் யாருடைய ஆள்? நம்மூரில் ஏஜென்ட் என்றாலே வளைகுடாவுக்கு அனுப்பக் காசு வாங்குபவர்தான் நினைவுக்கு வருவார். அது வேறு தொழில். அதற்கு 1983இன் குடிபெயர்வுச் சட்டப்படி அரசில் பதிவு வேண்டும். உயர்பதவிக்கு ஆள் தேடுபவருக்குக் கூலி கொடுப்பது நிறுவனம். வேலைக்குப் போகிறவர் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. பதிவுக்கட்டணம், பயிற்சிக்கட்டணம் என்று யாராவது கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

கூலியிலும் இரண்டு வகை. ஆள் சேர்ந்தால் மட்டும் காசு வாங்குவது ஒன்று. இந்தியாவில் இது பெரும்பாலும் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம் என்பதிலிருந்து தொடங்கும். ஒரே இடத்துக்கு நாலு கன்சல்டன்சிகள் போட்டி போடும், வேகம்தான் முக்கியம், நம் ரெஸ்யூமை நம்மைக் கேட்காமலே அனுப்பிவிடுவதும் நடக்கும். இன்னொன்று, நிறுவனம் ஒரே ஒருவரை அமர்த்தி, முன்பணம் கொடுத்துத் தேடச் சொல்வது. பெரிய பதவிகளுக்கு இதுதான். முதலாண்டுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில், தவணைகளாகத் தருவார்கள். இவர்கள் முதலில் நீளப் பட்டியல் போட்டு, பேசிப் பார்த்து, நாலைந்து பேராகச் சுருக்கி நிறுவனத்தின்முன் வைப்பார்கள். தொலைபேசியில் பேசுபவர் எந்த வகை என்று நேரடியாகவே கேட்கலாம். தப்பாக நினைக்க மாட்டார்கள். விவரம் தெரிந்தவர் என்று மதிப்பார்கள்.

“ஒண்ணு நினைவுல வச்சுக்கோ. நான் உங்கிட்ட எவ்வளவு அன்பாப் பேசினாலும் எனக்குச் சம்பளம் குடுக்குறவன் கிளையன்ட்டு” என்றாள் தோழி. சிரித்துவிட்டேன். அகப்பாடல்களில் தலைவன் தூதாக வாயிலில் வந்து நிற்கும் பாணன் நினைவுக்கு வந்தான். இனிக்க இனிக்கப் பேசுவான். ஆனால் அவன் தலைவனுடைய ஆள். தலைவிக்கும் தோழிக்கும் அது தெரியும். அதனால் அவனை விரட்டுவதுமுண்டு, உள்ளே விடுவதுமுண்டு. எதைச் செய்தாலும் அவன் யாருக்காக வந்திருக்கிறான் என்று தெரிந்தே செய்வார்கள். நமக்கு வேண்டியது அந்தத் தெளிவுதான்.

பிறகு அவளே தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். “பொண்ணுங்ககிட்ட ‘சார் என்ன பண்றார், குழந்தை எத்தனாவது, ஊர் மாறினா வீட்ல ஒத்துக்குவாங்களா’ன்னு நானே கேட்டிருக்கேன். கிளையன்ட் எழுத்துல எதுவும் குடுக்க மாட்டான். வாயால சொல்லுவான். நான் கேக்கலேன்னா அவன் என் லிஸ்ட்டைத் திருப்பி அனுப்புவான். ஆம்பளைங்ககிட்ட ஒருநாளும் கேட்டதில்ல.” இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டேன். “‘ஊர் மாற முடியும். அது என் பொறுப்பு. பதவியைப் பத்திப் பேசலாமா?’ன்னு சொல்லு. எனக்கு அப்படிச் சொன்ன பொண்ணுங்களை மறக்கவே முடியல. நான் அவங்களைத்தான் முதல்ல கூப்பிடுவேன்” என்றாள்.

இவ்வளவும் கேட்டுக்கொண்டு ஊர் திரும்பியும் அடுத்த முறை வேறு பள்ளத்தில் விழுந்தேன்.

அது 2021. கொரோனாவில் எங்கள் கல்லூரி சம்பளத்தைப் பாதியாக்கியிருந்தது. வேறொரு கன்சல்டன்சியிலிருந்து ஒரு பெண் பேசினார். யாரையாவது தெரியுமா என்றதும், “எனக்கே ஆர்வம் இருக்கு” என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்லும்போது காது சூடானது. சிறுவயதில் பந்தியில் இன்னொரு அப்பளம் கேட்டதற்குப் பெரியம்மா பார்த்த பார்வைகூட நினைவுக்கு வந்தது. ஆனால் அடுத்த கேள்வி உடனே வந்தது: “இப்ப எவ்வளவு வாங்குறீங்க மேடம்?” உண்மை பேசி வளர்ந்த பிள்ளை. பாதியாக்கப்பட்ட தொகையைச் சொன்னேன்.

இரண்டு நேர்காணல்கள். தேர்வானேன். “முப்பது பெர்சன்ட் உயர்வு மேடம், இந்தக் காலத்துல யாரும் தர மாட்டாங்க” என்றார் அந்தப் பெண். பாதியில் முப்பது சதவீதம் சேர்த்தாலும் பழைய முழுச் சம்பளம் வராது. அதோடு ஊர் மாற வேண்டும், வாடகை கொடுக்க வேண்டும். அந்தப் பதவிக்கென்று அவர்கள் ஒதுக்கியிருந்த தொகை வேறு, எனக்குச் சொன்னது வேறு என்பது பின்னால்தான் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது. முகத்தில் அடித்தாற்போல் மறுக்கத் தெரியாமல் போனை எடுக்காமல் இருந்தேன். இதுவும் பிழை. மறுப்பதென்றால் இரண்டு நாளில், காரணத்தோடு மறுத்துவிட வேண்டும். நம்மால் தடைபட்டு நிற்பது அவர்களுடைய வேலையும்தான். மரியாதையாக மறுத்தவரை அவர்கள் திரும்ப அழைப்பார்கள். காணாமல் போனவரை அழைக்க மாட்டார்கள்.

‘இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள்’ என்ற கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தை. குறைந்த சம்பளத்தில் தொடங்கிய பெண், மகப்பேற்றுக்காக இரண்டு ஆண்டு வீட்டிலிருந்த பெண், நிர்வாகம் வெட்டியதை வாய்திறக்காமல் ஏற்ற பெண், எல்லோருடைய பழைய நட்டத்தையும் புதிய இடத்துக்குச் சுமந்து போகவைக்கும் கேள்வி அது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2016இல் ஒரு சட்டம் இயற்றியது. வேலை தருவதாகச் சொல்லி, சம்பளத்தையும் பேசி முடிப்பதற்குமுன் பழைய சம்பளத்தை நிறுவனங்கள் கேட்கக்கூடாது என்று அது தடுக்கிறது. 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976லேயே சட்டம் போட்ட நாடு நம்முடையது. இங்கே சம்பளச் சீட்டைக் கேட்பது சாதாரணம். கேட்கும்போது பொய் சொல்லக்கூடாது. சரிபார்ப்பார்கள். ஆனால் முதலில் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. “இந்தப் பதவிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்காங்க?” என்று நாம் முதலில் கேட்கலாம். சம்பளம் குறைக்கப்பட்டிருந்தால், குறைக்கப்பட்டது எப்போது, ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். நான் எதிர்பார்ப்பது இது என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டு அமைதியாக இருக்கலாம். அந்த அமைதிதான் கடினம். நான் அதைக் கண்ணாடிமுன் நின்று பழகினேன்.

‘தகுதியான பெண்கள் கிடைப்பதில்லை’ என்ற வாக்கியத்தையும் நாம் அடிக்கடி கேட்கிறோம். 2013இன் கம்பெனிகள் சட்டம், பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றது. முதலாளியின் மனைவியையோ மகளையோ உட்காரவைத்துக் கணக்கைச் சரிசெய்த கம்பெனிகள் பல. பிறகு செபி, 2019 ஏப்ரலிலிருந்து முதல் 500 கம்பெனிகளிலும், 2020 ஏப்ரலிலிருந்து முதல் 1000 கம்பெனிகளிலும் ஒரு சுயேச்சைப் பெண் இயக்குநர் கட்டாயம் என்றது. பிரிட்டனில் 2011இல் ஆள் தேடும் நிறுவனங்களே ஒரு நடத்தை விதியை ஏற்றன. நீளப் பட்டியலில் 30 சதவீதமாவது பெண்கள் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஏன் இல்லை என்று தேடச் சொன்னவருக்கு விளக்க வேண்டும் என்பது அது. அந்த விதியை முதலில் படித்தபோது, ஒரு பட்டியலுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று தோன்றியது. பிறகு என் தொலைபேசி நினைவுக்கு வந்தது. பட்டியல்கள் ‘யாரையாவது தெரியுமா’ என்ற கேள்வியால் ஆனவை. அதை ஆண்களிடம் கேட்டால் தங்கள் பெயரையும் நண்பர்கள் பெயரையும் சொல்கிறார்கள். என்னிடம் கேட்டார்கள், நானும் அவர்கள் பெயரையே சொன்னேன். பெண்கள் கிடைப்பதில்லை என்று எங்கோ ஓர் அறையில் யாரோ சொன்னபோது, அதில் என் பங்கும் இருந்தது.

மூன்றாவது அழைப்பு 2023 நவம்பரில். ஒரு கல்விக் குழுமத்தின் தமிழ்ப் பாடநூல் பிரிவுக்குத் தலைவர் வேண்டும். இந்த முறை மேசையில் ஒரு நோட்டு தயாராக இருந்தது. உங்களை மட்டும்தான் தேடச் சொல்லியிருக்கிறார்களா? அந்த இடம் ஏன் காலியானது? அவர் யாருக்குக் கீழே வேலை பார்ப்பார்? முடிவெடுப்பது யார்? எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள்? என்னைக் கேட்காமல் என் ரெஸ்யூமை யாருக்கும் அனுப்ப மாட்டீர்கள்தானே? ஒவ்வொன்றாகக் கேட்டேன். மறுமுனையில் இருந்தவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஆண்டுக்குப் பதினைந்திலிருந்து பதினெட்டு லட்சம் என்றார். அந்த எண்ணை எழுதும்போது பேனாவை அழுத்திவிட்டேன் போலிருக்கிறது, அடுத்த பக்கத்திலும் தடம் இருக்கிறது.

“யாரையாவது தெரியுமா மேடம்?”

“முதல்ல என் பேரை எழுதிக்குங்க. அப்புறம் இன்னும் ரெண்டு பேர் சொல்றேன்.”

சொன்ன இரண்டு பேரும் பெண்கள். அவர்களிடம் முதலிலேயே அனுமதி வாங்கி எண்களை எழுதிவைத்திருந்தேன்.

கடைசி மூன்று பேரில் நான் இருந்தேன். வேலை எனக்குக் கிடைக்கவில்லை. நான் சொன்ன இருவரில் ஒருவருக்குக் கிடைத்தது. பாடநூல் தயாரிப்பில் அவருக்கு என்னைவிட அனுபவம் அதிகம். வருத்தமில்லை என்று எழுதினால் பொய். இரண்டு நாள் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. ஆனால் 2016இன் வருத்தமும் இதுவும் ஒன்றல்ல. அன்று நான் போட்டியில் இருந்ததே எனக்குத் தெரியாது. இன்று போட்டியிட்டுத் தோற்றேன்.

அந்த நோட்டோடு ஜனவரியில் எங்கள் கல்லூரிச் செயலரைப் பார்க்கப் போனேன். என் படிப்புக்கும் அனுபவத்துக்கும் வெளியே என்ன தருகிறார்கள் என்று எனக்கு இப்போது தெரியும் என்றேன். தொகையையும் சொன்னேன். பிறகு, பழகியபடி, பேசாமல் இருந்தேன். சுவர்க்கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. “என்னம்மா, இத்தனை வருஷமா ஒண்ணும் கேக்காம இருந்தீங்க?” என்றார். கேட்ட தொகை கிடைக்கவில்லை. மாதம் பன்னிரண்டாயிரம் கூடியது. வெட்டியது திரும்பி வந்து, அதற்குமேல் கொஞ்சம். அம்மாவிடம் சொன்னேன். “இதை அன்னிக்கே கேட்டிருக்கலாம்ல” என்றாள்.

கேட்டிருக்கலாம்தான்.

இப்போது முதுகலை மாணவிகளுக்கு ஆற்றுப்படை நடத்தும் வாரத்தில் ஒரு பயிற்சி தருகிறேன். எல்லோரும் ஜோடி ஜோடியாக உட்கார வேண்டும். ஒருத்தி, ஒரு வேலையையும் அதற்கு வேண்டிய தகுதிகளையும் சொல்லி, “யாரையாவது தெரியுமா?” என்று கேட்க வேண்டும். மற்றவள் பதில் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் வகுப்பு முழுக்க அடுத்தவர் பெயர்களாகக் கேட்கும். அண்ணன், சீனியர், சித்தப்பா மகன். நான் எதுவும் சொல்வதில்லை. இன்னொரு முறை கேட்கச் சொல்கிறேன். இரண்டாவது சுற்றில் கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் வெட்கமுமாகக் குரல்கள் தாழ்கின்றன. போன வாரம் கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து நின்றே சொன்னாள். “தெரியும். என்னைத் தெரியும்.”